வாலஸ் ஃபாக்ஸின் சென்னை ஆண்டுகள்

எங்கள் தாத்தா வீட்டில், விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட்ட அலுமினிய டம்ளர் ஒன்று இருந்தது. தாத்தாவின் அண்ணனுக்கு 1960களில் டிபி வந்தபோது, அவருடைய டம்ளர் மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாட்டி வைத்த அடையாளம் அது. வியாசர்பாடியில் ஒரே அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட வீட்டில், ஏழு பேருக்கு நடுவில் படுத்து, மருத்துவமனையில் சேராமலேயே ஓராண்டுக்கும் மேல் மாத்திரை விழுங்கிப் பெரிய தாத்தா பிழைத்தார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் உயிரோடிருந்தார். ஆனால் அந்த டம்ளர் கடைசிவரை தனியாகத்தான் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நான் ஆய்வக நுட்பநராக வேலைக்குச் சேர்ந்து, காசநோய்ப் பிரிவில் சளிப் பரிசோதனை செய்யத் தொடங்கிய பிறகுதான், பெரிய தாத்தாவை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று அன்றைய மருத்துவர்கள் எந்தத் துணிச்சலில் முடிவெடுத்தார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடிப் போனபோது கிடைத்த பெயர் வாலஸ் ஃபாக்ஸ். நுரையீரல் நோய்களைப் பற்றி எழுத எத்தனையோ ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு இவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது.

ஃபாக்ஸ் 1920இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலில் 1952 முதல் காசநோய் ஆராய்ச்சியில் இருந்தவர். அந்தக் கவுன்சில்தான் 1948இல் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவுகளை வெளியிட்டு, மருந்து ஆராய்ச்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை உலகத்துக்குக் காட்டியது. எந்த நோயாளிக்கு மருந்து, எந்த நோயாளிக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர் தீர்மானிக்காமல், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் தயாரித்துக் கொடுத்த மூடிய உறைகள் தீர்மானித்தன. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் அதே சோதனை, ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி விரைவில் அதற்குப் பழகிவிடுகிறது என்பதையும் காட்டியது. கூட்டு மருந்து என்ற கொள்கை அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியாசிடும் சேர்ந்தபோது, மாத்திரையாலேயே இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்ற நிலை உருவானது.

எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் பெயர் வைத்த இந்த நோய்க்கு அதுவரை சானடோரியமே மருத்துவம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று சத்தான உணவு, செவிலியர் கவனிப்பு ஆகியவையே சிகிச்சை என்று மருத்துவர்கள் நம்பினார்கள். மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரமும், சென்னைக்குத் தெற்கே 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் அப்படி எழுந்தவைதாம். இன்றும் மின்சார ரயிலில் போகிறவர்கள் குரோம்பேட்டையைத் தாண்டியதும் "சானடோரியம்" என்று சொல்லி இறங்குகிறார்கள். அந்தச் சொல்லின் பொருளை நினைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு. சிக்கல் என்னவென்றால், 1950களின் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. சானடோரியம் இல்லாமல் குணப்படுத்த முடியாது என்றால், பெரும்பாலானவர்களைக் குணப்படுத்தவே முடியாது என்றுதான் பொருள்.

இந்தக் கேள்விக்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்கு என்று திட்டமிட்ட அமைப்பு அது. ஃபாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பில் 1961 வரை இங்கே இருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு என்று தொடங்கியது இன்றும் அதே சேத்துப்பட்டில், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

முதல் ஆய்வின் அமைப்பை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் அழகு முழுவதும் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரைச் சானடோரியத்தில் சேர்ப்பது என்பதை, மருத்துவரின் இரக்கத்துக்கோ நோயாளியின் விருப்பத்துக்கோ விடாமல், குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, அதாவது ஐசோனியாசிடும் பாஸும், ஓராண்டுக்கு. மருந்து ஒன்றே, சூழல் மட்டும் வேறு. ஒரு பக்கம் ஓய்வும் காற்றும் நல்ல சாப்பாடும். இன்னொரு பக்கம் நெருக்கமான குடிசை, குறைந்த உணவு, மாடிப்படியும் சமையலும் கூலி வேலையும்.

வீட்டில் கொடுக்கும் மாத்திரையை நோயாளி உண்மையில் விழுங்குகிறாரா என்பது ஃபாக்ஸை மிகவும் வாட்டிய கேள்வி. பாஸ் எளிதான மருந்து அன்று. ஒரு நாளைக்குப் பத்து கிராம் வரை, பொடியை அடைத்த பெரிய கூடுகளாக விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், பேதியாகும். பெரிய தாத்தா அந்த மருந்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார் என்று என் அம்மா சொல்லியிருக்கிறார். இருமல் நின்று, காய்ச்சல் விட்டு, உடம்பில் தெம்பு வந்த மூன்றாவது மாதத்தில், இதை ஏன் இன்னும் விழுங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆகவே சுகாதாரப் பார்வையாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மீதமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி வந்து சோதித்தார்கள். பாஸ் உடம்பில் சேர்ந்திருந்தால் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கலந்ததும் நிறம் மாறிவிடும். நோயாளி தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே ஒரு தனிக் கட்டுரை எழுதினார். நோயாளியைக் குற்றவாளியாக்காமல், மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள், சிகிச்சை அதற்கேற்ப அமைய வேண்டும் என்ற நோக்கில் அந்தச் சிக்கலை அவர் அணுகினார் என்பதுதான் எனக்கு அவர் மீது மதிப்பு வரக் காரணம்.

அறிக்கை 1959இல் உலக சுகாதார நிறுவன ஏட்டின் 21ஆம் தொகுதியில், 51ஆம் பக்கத்தில் தொடங்கி 144ஆம் பக்கம் வரை வெளியானது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சென்னை மையத்தின் பெயரே இருக்கிறது. அதை நான் அச்செடுத்து, பல இரவுகளில் அட்டவணை அட்டவணையாகப் படித்தேன். ஓராண்டு முடிவில், வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்கும் சளியில் கிருமி அடங்கிய நிலை ஏற்பட்டிருந்தது. இவ்வளவு பேரை வைத்துப் பார்க்கும்போது அந்த ஆறு விழுக்காட்டு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதுதான். அதே நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்து ஐந்தாம் ஆண்டு முடிவில் பார்த்தபோது, வீட்டுப் பிரிவில் 90 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 89 விழுக்காடு என்று இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஐந்து ஆண்டுகள், சென்னையின் சந்து பொந்துகளில் வீடு மாற்றிக்கொண்டும் வேலை தேடி அலைந்துகொண்டும் இருந்த மனிதர்களைத் தேடித் தேடிப் போய்ச் சளி வாங்கி வந்த ஊழியர்களின் உழைப்பு அந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

சளி வாங்கி வருவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அது என்ன வேலை என்பதை அன்றாடம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குப்பியில் வரும் மாதிரியில் பாதி எச்சிலாக இருக்கும். அதில் மஞ்சளாகக் கெட்டியாக இருக்கும் இடத்தைத் தேடி, குச்சி முனையால் எடுத்து, கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாகத் தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு சூடு காட்டிப் படியவைத்து, கார்பால் ஃபுக்சின் சாயத்தை ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி ஆவி எழும் வரை சூடேற்ற வேண்டும், கொதித்துவிடக் கூடாது. பிறகு கந்தக அமிலம் ஊற்றினால் மற்றவை எல்லாம் சாயத்தை இழந்துவிடும், மெழுகு போன்ற மேலுறை கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. கடைசியாக மெத்திலீன் நீலம். எண்ணெய்த் துளியிட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் நீல வெளியில் செந்நிற மயிரிழைத் துண்டுகளாகக் கிருமிகள் தெரியும். உருப்பெருக்கியில் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வட்டப் பரப்பைப் புலம் என்போம்; நூறு புலங்களைப் பார்க்காமல் கிருமி இல்லை என்று எழுதக் கூடாது. தொண்ணூறாவது புலத்தில் ஒற்றைக் கிருமியைக் கண்டுபிடித்த நாள்கள் எனக்கு உண்டு. சேத்துப்பட்டு மையத்தில் இத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு மாதிரியையும் வளர்ப்பு ஊடகத்தில் இட்டு, பல வாரங்கள் காத்திருந்து, வளர்ந்த கிருமி மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்றும் பார்த்தார்கள். லண்டனில் இருந்த நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிச்சிசன் இந்த வேலைக்குத் துணையாக இருந்தார். சென்னை நோயாளிகளின் கிருமிகள் லண்டனுக்குப் பயணமாகி அங்கும் ஆராயப்பட்டன.

இப்போது அந்த டம்ளருக்கு வருகிறேன். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்குத் தொற்றிவிடாதா என்பதுதான் அன்று இந்தச் சிகிச்சைக்கு எழுந்த மிகப் பெரிய எதிர்ப்பு. நியாயமான எதிர்ப்பும்கூட. ஆகவே இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் கண்காணித்தார்கள். 1966இல் வெளியான அந்த முடிவுகளின்படி, நோயாளியை ஓராண்டு பிரித்து வைத்த குடும்பங்களிலும், வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களிலும் புதிதாக நோய் வந்தவர்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளி இருமிக்கொண்டே மாதக்கணக்கில் மருத்துவம் பார்க்காமல் இருந்த காலத்தில்தான் வீட்டில் பெரும்பாலான தொற்று நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு ஆளைப் பிரிப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு. இது காற்றில் பரவும் நோய், டம்ளரில் அன்று. பாட்டி போட்ட கீறல் அவருடைய அச்சத்தின் அளவைச் சொல்லுமே தவிர, யாரையும் காப்பாற்றவில்லை. பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முடிவு வெளியாகி அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுக்கப்பட்டு, அதனால் நோயை மறைக்கிற பெண்கள் என் ஆய்வகத்துக்கு வருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

உணவைப் பற்றிய முடிவுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக எடை ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அப்படிப்பட்ட உணவு கிடைக்கவில்லை. இருந்தும் கிருமி அடங்கியதில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், நல்ல மருந்து இருக்கும்போது நோய் அடங்குவதற்குச் சிறப்பு உணவு கட்டாயம் இல்லை என்று 1961இல் ஒரு தனிக் கட்டுரையில் மையம் தெரிவித்தது. சரியான, அளவான முடிவு அது. ஆனால் பயிற்சி வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தபோது அது சுருங்கிவிட்டது. "மாத்திரைதான் முக்கியம், சாப்பாடு முக்கியம் இல்லை" என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தறி வேலை செய்த ஒருவர் மனைவியோடு வந்தார். எடை 34 கிலோ. சளியில் கிருமி நிறைய இருந்தது. முட்டையும் பாலும் கொடுக்க வசதியில்லை, என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்டார். கவலைப்படாதீர்கள், மாத்திரையை மட்டும் விடாமல் கொடுங்கள், சாப்பாடு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று, ஆறுதல் சொல்லும் எண்ணத்தோடு, நான் சொன்னேன். அவர்கள் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. இரண்டாம் மாதப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை; ஐந்தாவது வாரத்திலேயே இறந்துவிட்டார் என்று அட்டையில் எழுதி மூடினோம். அந்த அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தைகளை இன்றுவரை மறக்க முடியவில்லை.

சென்னை ஆய்வு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அது கேட்ட கேள்வி, கிருமி அடங்குவதற்குச் சானடோரிய உணவு தேவையா என்பது. கடுமையாக மெலிந்துபோன ஒருவர் முதல் இரண்டு மாதங்களைத் தாண்டி உயிர் பிழைப்பாரா, பட்டினியோடு அதே வீட்டில் இருக்கும் குழந்தைக்கு நோய் வராமல் தடுக்க முடியுமா என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும் பெரிய முயற்சி 2019இல்தான் தொடங்கியது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய ரேஷன்ஸ் ஆய்வு அது. 2,800 நோயாளிகளுக்கும் மாதந்தோறும் பத்து கிலோ உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அவர்களுடைய வீட்டில் இருந்த 10,345 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவுகளின்படி, உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. சளியில் கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 விழுக்காடு. நோயாளிகளில் முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும்! தடுப்பூசிக்கு இணையான பலனை ரேஷன் மூட்டை கொடுத்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு அந்த 34 கிலோ மனிதர்தான் நினைவுக்கு வந்தார்.

ஃபாக்ஸ் இதைக் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு முடிவை அது சொல்லும் அளவுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு அந்த 94 பக்கங்களிலும் தெரிகிறது. வீட்டுச் சிகிச்சை வெற்றி பெற்றதோடு அவர் ஓய்ந்துவிடவுமில்லை. மருந்தை வீட்டில் கொடுத்தால் விழுங்குவார்களா என்ற பழைய கேள்விக்கு, வாரம் இரண்டு முறை மட்டும் மையத்துக்கு வரவழைத்து, கண்ணெதிரில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும் கொடுத்துப் பார்த்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணெதிரில் மருந்து பெற்றவர்களில் 94 விழுக்காட்டினரும், தினமும் வீட்டில் தாங்களே விழுங்கியவர்களில் 85 விழுக்காட்டினரும் குணமடைந்தார்கள். பிற்காலத்தில் டாட்ஸ் என்று உலகெங்கும் அறியப்பட்ட முறைக்கு வித்து அதுதான். அதன் இடைவெளிவிட்ட மருந்து முறை நிலைக்கவில்லை. வாரம் மூன்று முறை என்று நடந்த சிகிச்சையை மாற்றி 2017இல் இந்தியா தினசரி மருந்துக்குத் திரும்பியது. சென்னையை விட்டுப் போன பிறகு ஃபாக்ஸ் 1965 முதல் 1986 வரை லண்டனில் காசநோய் மற்றும் நெஞ்சக நோய்ப் பிரிவின் இயக்குநராக இருந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகள் வழியாக ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைத்ததில் அவருக்கும் மிச்சிசனுக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று நம் நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் ஆறு மாத மருந்து அங்கிருந்து வந்தது. அவர் 2010 ஜனவரியில் காலமானார்.

தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் கண்டறியப்பட்ட அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, நிலைமை மோசமாக இருப்பவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டுச் சிகிச்சையே எல்லோருக்கும் போதும் என்ற நிலையிலிருந்து, யாருக்கு வீடு போதும், யாருக்குப் படுக்கை வேண்டும் என்று பிரித்தறியும் நிலைக்கு வந்திருக்கிறோம். மத்திய அரசு மாதந்தோறும் சத்துணவுக்காகத் தரும் தொகை 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அது வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் வரை நோயாளி என்ன சாப்பிடுவார் என்பது தனிக் கதை.

எங்கள் ஆய்வகத்தில் எடை பார்க்கும் கருவி முன்பு மருந்தாளுநர் அறையின் மூலையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுத்து வந்து உருப்பெருக்கி மேசைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். சளிக் குப்பியைக் கையில் கொடுப்பதற்கு முன், செருப்பைக் கழற்றிவிட்டு இதில் ஏறுங்கள் அம்மா, ஏறுங்கள் ஐயா என்று சொல்கிறேன். நாற்பதுக்குக் கீழே முள் நின்றால், கூட வந்தவரை உட்கார வைத்து, வீட்டில் எத்தனை பேர், அடுப்பு எத்தனை வேளை எரிகிறது, ரேஷன் அட்டை இருக்கிறதா என்று கேட்டு, பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி மருத்துவரிடம் அனுப்புகிறேன்.